வாயில் வைத்திருந்த தண்ணீர்

அப்பு,

வைகை அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கி, எரியோட்டுச் சந்தையில் வீசைக்கல்லை எடுத்துவிட்டுக் கிலோக்கல்லை வைத்த காலம் அது. நயா பைசாவே அப்போதுதான் கைக்குப் பழகியிருந்தது. அதற்குள் கல்லையும் மாற்றிவிட்டார்கள். சின்ன வெங்காயம் கொண்டுபோன நாங்களெல்லாம் புதுக் கல்லை நம்பாமல் முறைத்துக்கொண்டு நின்றோம். வியாபாரி தராசில் போடுவதற்கு முன்பே நான் கூடையைக் கையில் தூக்கிப் பார்த்து எடையைச் சொல்லிவிடுவேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. நீ அப்போது தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாய். அந்த வருஷம்தான் உன் அம்மாவைத் திண்டுக்கல்லுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது நீ அறிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பரமசிவம் எழுதுகிறார். ஒரு வார்த்தையையும் அழகுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ ஞாயிற்றுக்கிழமை பேசியபோதே சொல்லியிருக்க வேண்டும். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா, உங்க மருமக அப்படியே அம்மாதான். கழுத்து வீக்கத்துக்கு ஸ்கேன் எடுக்கத் தாலியக் கழட்டணும்னாங்களாம். மாட்டேன்னு எந்திரிச்சு வந்துட்டா. தையில பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்குவோம்." உன் குரலில் பெருமை இருந்தது. "ம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

உன் அம்மாவின் கதையை மருமகளுக்குச் சொன்னவன் நீ. உனக்குச் சொன்னவன் நான். அந்தக் கதை பொய்.

உன் அம்மாவுக்குக் கழுத்தில் அந்த வீக்கம் கல்யாணத்தின்போதே இருந்தது. அப்போது அது நெல்லிக்காய் அளவுதான், தொண்டைக் குழிக்குச் சற்று மேலே. தண்ணீர் குடிக்கும்போது மேலே ஏறி இறங்கும். கழலை என்று சொன்னார்கள். என் அம்மா மட்டும் கண்டமாலையாக இருக்குமோ, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து நாட்டு வைத்தியரிடம் பற்று வாங்கிப் போட்டாள். நான் கேலி பண்ணுவேன். "பனங்கொட்டைய எங்கயாச்சும் முழுங்கிட்டு வந்துட்டியா?" என்று ஒருநாள் கேட்டதற்கு உன் அம்மா வெங்காயத்தாளை அறுத்துக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட சொல்லாம முழுங்கின பேச்செல்லாம் அங்கதான் நிக்குது." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தோட்டத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

நீ பிறந்த பிறகு அது பெருத்தது. மாம்பிஞ்சு அளவு ஆனது. படுத்தால் அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்டவளும் அவள்தான். டவுனில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உன்னை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, துணைக்கு உன் அத்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். உன் அத்தைக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அண்ணி என்றால் அவளுக்கு உயிர்.

டாக்டர் வயதானவர். தலையெல்லாம் பஞ்சு. தன்மையாகத்தான் பேசினார். உன் அம்மாவை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றினால்தான் தடவிப் பார்க்க முடியும் என்றார். பாசிமணியைக் கழற்றினாள். பிறகு தாலிக் கயிற்றையும், அப்பு, அவளே, யாரும் வற்புறுத்தாமல், தலை வழியாகத் தூக்கி எடுத்து உன் அத்தை கையில் கொடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. எப்படியாவது நல்லபடியாக மூச்சு விட்டால் போதும் என்று வந்தவள் அவள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரைக்கும் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் ஸ்கேன் ஏது? கைதான் ஸ்கேன். டாக்டர் ஒரு தம்ளர் தண்ணீரை அவள் கையில் கொடுத்து, "ஒரு வாய் தண்ணி வாயில வச்சுக்கம்மா. நான் சொல்றப்ப முழுங்கு" என்றார். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு கையையும் அவள் கழுத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தார்.

பின்னால் நின்றுதான் பார்ப்பார்களாம். அப்போதுதான் விரலுக்குச் சரியாகத் தட்டுப்படுமாம், விழுங்கும்போது கட்டி ஏறி இறங்குகிறதா, கெட்டியா, இளக்கமா, மூச்சுக்குழாயைத் தள்ளுகிறதா என்று விரலே சொல்லிவிடுமாம். இதெல்லாம் எனக்குப் போன வருஷம் ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டுத்தான் தெரிந்தது. அன்றைக்கு என் கண்ணில் பட்டது வேறு. உன் அம்மாவின் கழுத்தைச் சுற்றி ஒரு ஆணின் இரண்டு கை வந்ததை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அது என் கை. மணவறையில் முடிச்சுப் போட்ட கை. இப்போது தாலி என் தங்கை கையில் கிடக்கிறது, கழுத்தில் இன்னொருவன் கை இருக்கிறது. அம்புட்டுதான்.

"எம்பொண்டாட்டி கழுத்துல கை வைக்க நீ யாருய்யா?"

அந்தப் பெரிய மனுஷனை நான் அப்படிக் கேட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. ஏதோ சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. உன் அத்தை கையிலிருந்து தாலியைப் பிடுங்கி உன் அம்மாவின் தலை வழியாக மாட்டினேன். காதில் கயிறு சிக்கியது. இழுத்துவிட்டேன். கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு நடத்தினேன். வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கத்தில் வேகமாக நடந்து வந்தாள். அவளுக்கும் இதுதான் சம்மதம், அதனால்தான் பேசாமல் வருகிறாள் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

கேட் தாண்டிய பிறகு உன் அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, அண்ணி வாயில தண்ணி இருக்குண்ணே."

திரும்பிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. டாக்டர் கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்திருந்தாள். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. என்னையே பார்த்தாள். பிறகு விழுங்கினாள். கட்டி மேலே ஏறி, தாலிக் கயிற்றில் தட்டி, மெல்ல இறங்கியது. "அவரு முழுங்கச் சொல்லவே இல்லையேங்க" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இத்தோடு நின்றிருந்தால் முன்கோபக்காரன் என்ற பெயரோடு போயிருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் கேட்டார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று. டாக்டரை ஒருமையில் பேசிவிட்டு, வைத்தியமும் பார்க்காமல், பொண்டாட்டியை இழுத்துக்கொண்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? வாய் தானாகச் சொல்லிவிட்டது: "தாலியக் கழட்டுன்னான். என் வீட்டுக்காரி முடியாதுன்னு எந்திரிச்சு வந்துட்டா." டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "பொம்பளைன்னா அவ பொம்பளை" என்றார். அந்தப் பேச்சு நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. என் அம்மா மருமகளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். உன் அம்மா தலை குனிந்து நின்றாள். வெட்கம் என்று நினைத்தார்கள்.

அவள் மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊருக்கு முன்னால் நான் பொய்யன் ஆவேன். அதனால் சொல்லவில்லை. அடுத்த முகூர்த்தத்திலிருந்து எந்தக் கல்யாணமானாலும் தாலித் தட்டை முதலில் அவள் கையில்தான் கொடுத்தார்கள், தொட்டு ஆசீர்வாதம் பண்ண. உன் அத்தையின் கல்யாணம் தொப்பம்பட்டியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தர் தட்டோடு வந்து உன் அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "ஏனுங்க, டாக்டரை வேண்டாம்னு எந்திருச்சு வந்தது இவங்கதானுங்களா?" என்று என்னிடம் கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். இப்போதாவது சொல்கிறேனா என்று பார்த்தாள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். மணவறையில் உட்கார்ந்திருந்த உன் அத்தை மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு தடவைதான் உன் அம்மா வாய் திறந்து கேட்டாள். கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தோம். குனிந்து நிமிர்வதற்குள் இளைத்தது. "இன்னொரு தடவ போய்க் காட்டிட்டு வருவமாங்க?" நான் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இப்பப் போனா ஊரு என்ன சொல்லும்? உன்னை எம்புட்டு உசத்தியா வச்சிருக்கு." அவள் சரி என்று சொல்லிவிட்டுப் பறிக்கப் போனாள். நான் சொன்ன பொய்யை அவள் கழுத்தில் கட்டிவிட்டேன். அதைக் கழற்ற அவளால் முடியவில்லை, கழற்ற நான் விடவும் இல்லை.

அம்மா உட்கார்ந்தே தூங்குவாள், அவ்வளவு உழைப்பாளி என்று நீ உன் பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உனக்குச் சின்ன வயசு நினைவு, தப்பில்லை. நெல்லுக் குதிரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியது உழைப்பால் இல்லை, அப்பு. படுத்தால் மூச்சு வராது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழி உனக்கு நினைவிருக்கும். நம் பக்கம் மழையும் ஊதக்காற்றும்தான். உன் அம்மாவுக்குச் சளி பிடித்தது. இரண்டாம் நாள் விடிந்தபோது மூச்சு இழுக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பஸ்ஸில் மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். டவுனில் இறங்கினால் அந்தப் பழைய ஆஸ்பத்திரிதான் பக்கம். எனக்கு அந்த வாசலை மிதிக்க முகம் இல்லை. வண்டி பிடித்து வேறு ஆஸ்பத்திரிக்கு, தூரத்தில் இருந்ததற்கு, கொண்டுபோனேன். அங்கே ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு, கழுத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் காட்டினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உன் அம்மா அப்போது முழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. உச்சிப்பொழுது தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிப் புதுச் சேலை உடுத்திப் பூ வைத்தார்கள். வந்த பெண்களெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள்: தாலியோடு போகிறாள், கொடுத்து வைத்தவள், டாக்டர் கேட்டும் கழற்றாத தாலி. நான் தூணோரம் நின்று அதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். இடுகாட்டில் தாலியை எடுக்கச் சொன்னபோது நான்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது கொடுக்காததை இடுகாட்டில் கேட்டபோது கொடுத்தேன். உன் அத்தை அதற்குப் பிறகு என்னிடம் கடைசிவரை நல்லது கெட்டது பேசினாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் நான் சத்தியம் வாங்கியிருந்தேன். போன ஆடியில் அவளும் போய்விட்டாள். இனி சாட்சி இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் உன் அம்மா உன் வீட்டில் இன்னும் உசத்தியாகத்தான் இருந்திருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். நீ போன் பண்ணியதுதான் என்னை விடவில்லை.

போன வருஷம் எனக்குக் குரல் கம்மியபோது கழுத்தில் ஸ்கேன் எடுக்க நீதானே கூட்டிப் போனாய். நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லவில்லை. தோளுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்து, கழுத்தைப் பின்னால் சாய்த்துப் படுக்கச் சொன்னார்கள். உன் மகள் வயசுப் பெண் ஒன்று, பசை மாதிரி எதையோ கழுத்தில் தடவியது. ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. சோப்புக்கட்டி அளவில் ஒன்றை வைத்து மெதுவாக இங்கேயும் அங்கேயும் ஓட்டியது. வலி இல்லை, ஊசி இல்லை. எக்ஸ்ரே மாதிரிக் கதிரும் கிடையாது, சத்தத்தை உள்ளே விட்டு அது திரும்புவதை வைத்துப் படம் வருகிறது தாத்தா என்று அந்தப் பெண் சொன்னது. திரையைத் திருப்பிக் காட்டியது. மழை பெய்த உழவுக் காடு மாதிரி சாம்பல் நிறத்தில் வரிவரியாகத் தெரிந்தது. நடுவில் கறுப்பாக வட்டம் ஒன்று. அது மூச்சுக்குழாய், நேராகத்தான் இருக்கிறது, எதுவும் தள்ளவில்லை என்றது. இந்தப் பக்கம் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது, உள்ளே தண்ணீர்தான், கெட்டியாக இருந்தால் வேறு மாதிரித் தெரியும், அப்போதுதான் மெல்லிய ஊசி வைத்துப் பார்ப்போம், உங்களுக்கு வேண்டாம் என்றது. பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னது: "தாத்தா, எச்சிய முழுங்குங்க."

நான் விழுங்கவில்லை, அப்பு. அந்தப் பெண் பயந்துபோய் என்ன செய்கிறது என்று கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து வலிக்கிறதா என்றது. இந்த ஒரு வார்த்தைக்காக ஒருத்தி கேட் வரைக்கும் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடந்தாள் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்? இரண்டாம் தரம் சொன்ன பிறகு விழுங்கினேன். கூடையைக் கையில் தூக்கி எடை சொன்னவன் நான். ஒரு மனுஷன் விரலால் தொட்டு ஒரு கட்டியின் எடையைப் பார்க்க வந்தது எனக்குத்தான் முதலில் விளங்கியிருக்க வேண்டும்.

மருமகளை நாளைக்கே கூட்டிப் போ. பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது என்றுதான் அங்கே சொன்னார்கள். ஆனால் பார்த்தால்தான் அது தெரியும். தை மாதம் வரைக்கும் வைக்காதே. பேத்தி கல்யாணத்தில் ஒன்றும் குறைந்துவிடாது. அவள் கழற்ற மாட்டேன் என்றால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே, எனக்காகப் பரிந்து எதையும் சேர்க்காதே. மாமனார் இப்படிப்பட்டவரா என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும், அது உண்மைதானே. நீ வெளியே பெஞ்சில் உட்காராதே. விட்டால் உள்ளே போ. தாலியை அவள் கழற்றியதும் உன் கையை நீட்டி நீயே வாங்கிக்கொள். அந்தப் பெண் முழுங்குங்க என்று சொல்கிற வரைக்கும் பேசாமல் நில். நான் நிற்காத இடம் அது.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. இடுகாட்டில் எடுத்த அந்தத் தாலிப் பொன்னை நான் விற்கவில்லை. நீ கல்யாணம் பண்ணியபோது அதைத்தான் ஆசாரியிடம் கொடுத்து அழித்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து, உன் வீட்டுக்காரிக்குத் தாலி செய்தேன். அவள் கழற்றப் பயப்படுகிற பொன் ஏற்கெனவே ஒருமுறை ஒரு டாக்டர் கேட்டதும் இறங்கிய பொன்தான். இறக்கினவள் மனசாரத்தான் இறக்கினாள். மருமகளிடம் அதைச் சொல். இத்தனை வருஷத்தில் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆத்தா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பரமசிவத்தைப் பெயரை எழுதச் சொல்கிறேன். அந்த டாக்டர் போய்விட்டார், உன் அம்மா போய்விட்டாள், உன் அத்தையும் போய்விட்டாள். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தப் பொன்னைக் கழுத்தில் போட்டவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவள் செல்வராணி ஒருத்திதான்.